ஆப்பிரிக்காவின் தெற்கு நாடுகளில் குட்டி விமானங்கள்: கடைசிப் பறப்பிலிருந்து திட்டம் போடுங்கள்

போட்ஸ்வானா, நமீபியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே என்று சுற்றக் கிளம்புகிறவர்களில் பலர் முதலில் ஜோகன்னஸ்பர்க் வரைக்கும் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள், அதற்குப் பிறகு வரும் உள்ளூர் விமானங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறார்கள். நான் சொல்வது நேர் எதிர். உங்கள் பயணத்தில் இருப்பதிலேயே சின்ன விமானம் எதுவோ அதை முதலில் உறுதி செய்யுங்கள், கடல் தாண்டி வரும் பெரிய விமானத்தைக் கடைசியாகப் போடுங்கள். பெரிய ஊர்களுக்கு விமானத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவின் வாசலான மவுனுக்கோ, தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஸ்குகூசாவுக்கோ, ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா பூங்காவுக்குப் போக இறங்கவேண்டிய ம்ஃபுவேக்கோ ஒரு நாளைக்குச் சில விமானங்கள்தான். ஒன்றைத் தவறவிட்டால் பெரும்பாலும் மறுநாள்தான்.

இதோடு வெளிச்சமும் சேர்ந்துகொள்கிறது. டெல்டாவுக்குள் வனவிலங்கு பார்க்க வருகிறவர்கள் தங்கும் முகாம்களுக்குப் போகும் ஓடுபாதைகள் வெறும் மண் பாதைகள், விளக்கு எதுவும் கிடையாது, அதனால் செஸ்னா மாதிரியான குட்டி விமானங்கள் பகலில் மட்டும்தான் பறக்கும். சாயங்காலம் மவுனில் வந்து இறங்கினால் அன்றிரவு மவுனில்தான் தங்கவேண்டும், முகாமுக்குக் கட்டிய ஒரு நாள் பணம் போனது போனதுதான், அந்த முகாம்களின் ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று பார்த்தவர்களுக்கு அந்த வலி புரியும். ஆகவே முகாமிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: இருட்டுவதற்குள் முகாமில் இருக்கவேண்டும், அதற்குப் பிற்பகலின் தொடக்கத்திலாவது மவுனில் இறங்கியிருக்கவேண்டும், அதற்குக் காலையில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கிளம்பவேண்டும். அப்படியானால் அதே நாள் விடியற்காலையில் ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி ஓடுவதா, முதல் நாளே வந்து ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தின் பக்கத்தில் தூங்கிவிடுவதா? என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். ஒரு இரவு ஓட்டல் செலவு, தவறவிட்ட முகாம் நாளைவிட எவ்வளவோ மலிவு.

சாமான் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். போட்ஸ்வானாவின் குட்டி விமானங்களில் ஒரு ஆளுக்கு வழக்கமாக 20 கிலோ, அதுவும் கைப்பை, கேமரா எல்லாம் சேர்த்து. பை மெத்தென்று துணியில் இருக்கவேண்டும், சக்கரமோ உள்ளே கம்பிச் சட்டமோ கூடாது. இது வீம்புக்குப் போட்ட விதியில்லை. செஸ்னா 206 விமானத்தில் பைலட்டைச் சேர்த்தே ஆறு இருக்கைதான், சாமான் வைக்கிற இடம் குறுகலானது, கெட்டியான சூட்கேஸ் அதன் கதவுக்குள்ளேயே நுழையாது. அதைவிட முக்கியமான காரணம் சூடு. காற்று சூடாகச் சூடாக அடர்த்தி குறையும், இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் இன்ஜினின் பலமும் குறையும், ஒரு குட்டையான மண் பாதையில் மேலே எழும்ப அதிக தூரம் ஓடவேண்டிவரும். அக்டோபர் மாதம் அந்தப் பக்கம் வெயில் 40 டிகிரியை எட்டிப் பிடிக்கும், அந்த நேரத்தில் பைலட்டுக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. உங்கள் உடல் எடையைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், கூச்சப்பட்டுக் குறைத்துச் சொன்னால் கெடுவது அவர்களுடைய கணக்கு, பறப்பது நீங்களும்தான். 100 கிலோவைத் தாண்டுகிறவர்களிடம் பல நிறுவனங்கள் கூடுதல் இருக்கைக்குப் பணம் கேட்கும், அதை முன்பதிவின்போதே பேசி முடித்துவிடுங்கள். பயணத்தின் மற்ற பகுதிக்குப் பெரிய பெட்டி தேவைப்பட்டால் அதை மவுனிலேயே விட்டுவிட்டுப் போக ஏற்பாடு செய்து தருவார்களா என்று கேளுங்கள், ஆனால் திரும்பி அதே ஊர் வழியாக வந்தால்தான் அது உதவும். முகாம்களில் துணி துவைத்துத் தருவது சாதாரணம், மூன்று நாலு செட் துணி போதும்.

நகரங்களுக்கு இடையே பறப்பதில் இவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனாலும் ஃப்ளைசஃபேர் மாதிரியான மலிவு நிறுவனங்களின் குறைந்தபட்சக் கட்டணத்தில் கைப்பை மட்டும்தான் சேர்த்தி, பெட்டிக்குத் தனிக் கட்டணம், அதையும் கூட்டிய பிறகே விலையை ஒப்பிடுங்கள். ஏர்லிங்க் நிறுவனத்தின் சின்ன எம்ப்ரேயர் ஜெட்களில் தலைக்கு மேல் உள்ள அறை மிகச் சிறியது, கைப்பையை விமானப் படிக்கட்டின் அருகே வாங்கிக்கொண்டு இறங்கும்போது அங்கேயே திருப்பித் தருவார்கள். மருந்து, பவர் பேங்க், பாஸ்போர்ட் மூன்றையும் அதற்கு முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். அந்த விமானங்களில் ஒரு பக்கம் ஒற்றை இருக்கை வரிசை இருக்கும், ஜன்னலும் உங்களுடையது, நடைபாதையும் உங்களுடையது, கிடைத்தால் அதைப் பிடியுங்கள்.

அடுத்தது பாஸ்போர்ட். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குத் தென்னாப்பிரிக்க விசா தேவை. ஒருமுறை நுழையும் விசாவை வாங்கிக்கொண்டு நடுவில் மவுனுக்கோ விக்டோரியா அருவிக்கோ போய்விட்டால் மறுபடி கேப் டவுனுக்குள் நுழைய முடியாது, அதனால் விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழையும் விசா கேளுங்கள், போகும் வழியை முழுசாக எழுதிக் காட்டுங்கள். இன்னொரு பொறி: பெரிய விமானமும் குட்டி விமானமும் தனித்தனி டிக்கெட்டாக இருந்து, பெட்டியை ஜோகன்னஸ்பர்க்கில் எடுத்து மறுபடி கொடுக்கவேண்டியிருந்தால், நீங்கள் குடியேற்றத்தைத் தாண்டி வெளியே வரவேண்டும், அதற்கும் விசா வேண்டும். ஒரே டிக்கெட்டில் போட்டால் பெட்டி நேராகப் போகுமா என்று விமான நிறுவனத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நைரோபி, அடிஸ் அபாபா மாதிரி மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் ஊர்களில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வருகிறவர்களிடம் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும், ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும்.

வழியைப் போடும்போது எல்லாவற்றுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்குத் திரும்பி வராதீர்கள், அது வீண் அலைச்சல். கேப் டவுனிலிருந்து மவுனுக்கும், விண்ட்ஹுக்குக்கும், க்ரூகர் பக்கம் ஸ்குகூசா, ஹூட்ஸ்பிரைட் ஊர்களுக்கும் நேர் விமானங்கள் இருக்கின்றன. டெல்டாவை முடித்துவிட்டு விக்டோரியா அருவிக்குப் போகிறவர்கள் குட்டி விமானத்தில் போட்ஸ்வானாவின் வடக்கு எல்லையில் இருக்கும் கசானே போய், அங்கிருந்து சாலையில் சுமார் 80 கிலோமீட்டர், எல்லையைத் தாண்டி அருவிக்குப் போய்விடலாம். அருவிக்கு இரண்டு பக்கமும் விமான நிலையம் உண்டு, ஜிம்பாப்வே பக்கம் விக்டோரியா ஃபால்ஸ், ஜாம்பியா பக்கம் லிவிங்ஸ்டன், இரண்டு விலையையும் பாருங்கள். நமீபியாவில் மட்டும் ஒரு கவனம்: விண்ட்ஹுக்கின் ஹொசேயா குடாக்கோ பன்னாட்டு விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, சின்ன விமானங்கள் பல ஊருக்குள் இருக்கும் ஈரோஸ் நிலையத்திலிருந்து கிளம்பும். டிக்கெட்டில் எது என்று பார்த்துக்கொள்ளாமல் டாக்சி ஏறாதீர்கள்.

முடிந்தவரை காலை விமானம் எடுங்கள். வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து கிளம்பும் சூடான காற்று குட்டி விமானத்தை நன்றாகவே குலுக்கும், நவம்பர் முதல் மார்ச் வரை ஜோகன்னஸ்பர்க் பக்கம் பிற்பகலில் இடிமழை வேறு. வயிறு பிரட்டுகிறவர்கள் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குட்டி விமானத்தில் கழிப்பறை கிடையாது, முகாம் முகாமாக இறங்கி ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்கள் என்பதால் 20 நிமிடப் பயணம் ஒரு மணி நேரமாக நீளலாம். கிளம்பும் நேரத்தையும் பெரும்பாலும் முதல் நாள் சாயங்காலம்தான் சொல்வார்கள், அது அவர்கள் வழக்கம், பதறவேண்டாம். ஆனால் அதனாலேயே, முகாமை விட்டுக் கிளம்பும் நாளிலேயே வீட்டுக்கான பெரிய விமானத்தைப் போடாதீர்கள், நடுவில் ஒரு இரவு விடுங்கள்.