ஐரிஷ் விசில் மெட்டைக் காதால் பிடிப்பது எப்படி: மலைக்குளிரில் வாசிப்பவர்களுக்கும் சேர்த்து

ஐரிஷ் நடன மெட்டு ஒன்றை முதல் தடவை கேட்கும்போது சுரங்கள் ஆலங்கட்டி மழைபோலக் கொட்டும். உடனே டின் விசிலை (ஆறு துளையுள்ள சின்ன ஊதுகுழல்) எடுத்து ஒவ்வொரு சுரமாகத் துழாவ ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். விசிலைக் கீழே வையுங்கள். மெட்டை முதலில் வாயால் பாட வர வேண்டும். பாட வராத மெட்டு விரலிலும் நிற்காது.

முதலில் தாளம். பதிவை ஓடவிட்டுத் தொடையில் தட்டுங்கள். ஒரு பாருக்கு (தாளத்தின் ஓர் அளவு, நம் ஆவர்த்தனம்போல) இரண்டு தட்டு விழுந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ‘தகிட’ என்று மூன்று சுரம் ஓடினால் அது ஜிக் என்ற நடன வகை. ‘தகதிமி தகதிமி’ என்று சீராக ஓடினால் ரீல். மூன்று ‘தகிட’ சேர்ந்து ஒரு பார் ஆனால் ஸ்லிப் ஜிக். நான்காகவே எண்ண வந்தாலும், ஜோடியில் முதல் சுரம் நீண்டு இரண்டாவது குறுகி ஒலித்தால் ஹார்ன்பைப். வேகம் குழப்பினால் யூடியூபில் 0.75 வைத்துக் கேளுங்கள், சுருதி மாறாது. 0.5 வேண்டாம், ஒலி குழைந்து சுரம் தெளிவாகக் கேட்காது.

பெரும்பாலான மெட்டுகளுக்கு ஒரே கட்டமைப்புதான். எட்டு பார் கொண்ட முதல் பகுதி இரண்டு முறை, எட்டு பார் கொண்ட இரண்டாம் பகுதி இரண்டு முறை, மொத்தம் 32 பார். நடன வேகத்தில் ஒரு சுற்றுக்கு 35 முதல் 40 விநாடி ஆகும். சில ரீல்களில் பகுதிகள் திரும்ப வராது; சில மெட்டுகளில் மூன்று, நான்கு பகுதிகள்கூட உண்டு. ஒரு மெட்டை இரண்டு மூன்று சுற்று வாசித்துவிட்டு, மூச்சுவிடும் நேரம்கூடத் தராமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவது ஐரிஷ் வாசிப்பில் வழக்கம். அதற்கு ‘செட்’ என்று பெயர். இது தெரியாமல் மூன்று மெட்டையும் ஒரே மெட்டென்று நினைத்துக் கற்கப் போய்த் திணறுகிறவர்கள் உண்டு. மெட்டு மாறும் இடத்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, முதல் மெட்டை மட்டும் வெட்டி போனில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றும் மழையுமான நாளில் நெட்டை நம்பி உட்கார வேண்டியிருக்காது.

அடுத்தது சுருதி. தமிழ்க் காதுக்கு இது வரம். பகுதி முடியும்போது மெட்டு எந்தச் சுரத்தில் இளைப்பாறுகிறது என்று பாருங்கள். அதையே ‘ச’ என்று வைத்து முனகுங்கள். தம்புரா ஆப்பில் முதலில் 2 கட்டை, பிறகு 5 கட்டை வைத்துப் பாருங்கள் (கட்டை என்பது ஆதார சுருதியின் உயரம்; 2 என்றால் டி, 5 என்றால் ஜி). இரண்டும் ஒட்டாவிட்டால் 3, 6. சாதாரண டி விசிலில் ஆறு துளையும் மூடினால் வருவது 2 கட்டை. மேலே மூன்று துளை மட்டும் மூடினால் 5 கட்டை.

ச கிடைத்ததும் சுரத்தானங்களைப் பாருங்கள். ஐரிஷ் மெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை சங்கராபரணம், ஹரிகாம்போஜி, கரகரப்பிரியா, நடபைரவி ஆகிய நான்கின் சுரங்களுக்குள் அடங்கிவிடும். காந்தாரத்தையும் நிஷாதத்தையும் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. பெரிய காந்தாரமும் சின்ன நிஷாதமும் வந்தால் ஹரிகாம்போஜி. இரண்டுமே சின்னதாக இருந்து தைவதம் பெரியதானால் கரகரப்பிரியா. ஒப்புமை சுரத்தானத்தோடு நின்றுவிடும். கமகத்தையோ ராகப் பிடிகளையோ தேடாதீர்கள். தொண்டை தன்னால் அசைக்கப் பார்க்கும், அடக்கிக்கொண்டு நேர்சுரமாகவே பாடுங்கள்.

எந்தக் கட்டையும் ஒட்டாமல் எல்லாமே அரைச்சுரம் தள்ளி நின்றால், காதைக் குறை சொல்லாதீர்கள். பிடிலை அரைச்சுரம் ஏற்றிச் சுருதி கூட்டி வாசித்த பதிவுகள் பல உண்டு, அதாவது 2½ கட்டை. பதிவை ஒரு அரைச்சுரம் இறக்கித் தரும் ஆப் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

இனி எலும்புக்கூடு. எல்லாச் சுரத்தையும் பிடிக்க வேண்டாம். தட்டு விழும் சுரங்களை மட்டும் முதலில் பிடியுங்கள். ‘கெஷ்’ என்ற பழைய ஜிக்கை எடுத்துக்கொள்வோம். 5 கட்டை ச, சங்கராபரணம். முதல் பகுதி இது (ச' என்பது மேல் சட்சம், கடைசி நி கீழ் நிஷாதம்; காற்புள்ளி முந்தைய சுரத்தின் நீட்டல், நேர்கோடு பாரின் எல்லை):

ச , , ச ரி க | ரி , , ரி க ப | த ப ப ச' ப ப | த ப க ப க ரி
ச , , ச ரி க | ரி , , ரி க ப | த ப ப ச' ப க | ரி ச நி ச , ,

தட்டு விழும் சுரங்கள்: ச ச, ரி ரி, த ச', த ப. இதையே பத்து முறை பாடுங்கள், பிறகு இடைவெளியை நிரப்புங்கள். மேல்வரியையும் கீழ்வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு பார் அப்படியே திரும்புகிறது, மூன்றாவதில் கடைசிச் சுரம் மட்டும் வேறு. மேல்வரி கேள்விபோல ரியில் தொங்குகிறது, கீழ்வரி பதிலாக சவில் இறங்குகிறது. ஆக எட்டு பாரில் உண்மையாகக் கற்க வேண்டியது ஐந்துதான். எந்த மெட்டானாலும் திரும்ப வருவது எது என்று முதலில் தேடுங்கள். இங்கே ப, த, ச' மூன்றும் விசிலில் மேல் ஸ்தாயியில் வரும். விரல் அதேதான், காற்றை மட்டும் கூட்ட வேண்டும்.

பதிவில் சுரத்துக்கு முன்னால் ‘டிக்’ என்று கேட்பது தனிச் சுரம் அல்ல. ‘கட்’ என்றால் மேலேயுள்ள ஒரு விரலைக் கண நேரம் எடுத்து மூடுவது. ‘ஸ்ட்ரைக்’ என்றால் கீழ்த் துளையை விரலால் ஒரு தட்டு. நீண்ட சுரம் ஒன்றை முதலில் கட்டாலும் பிறகு ஸ்ட்ரைக்காலும் மூன்றாகப் பிரித்தால் அது ‘ரோல்’. மேலே ‘ச , ,’ என்று வரும் இடத்தில் பலரும் ரோல்தான் வாசிப்பார்கள். இவற்றைச் சுரமாக எண்ணி எழுதினால் தாளம் உடையும். மெட்டு மனப்பாடமாகும் வரை அந்த இடங்களில் சுரத்தை நீட்டினால் போதும்.

இன்னொரு பொறி மூச்சு. இந்த மெட்டுகளில் ஓய்வு இடம் கிடையாது. விசில்காரர் ஒரு சுரத்தை விழுங்கிவிட்டுத்தான் மூச்செடுப்பார், அடுத்த சுற்றில் வேறு இடத்தில். இரண்டு சுற்றையும் ஒப்பிட்டால் விழுங்கிய சுரம் கிடைத்துவிடும். நீங்கள் விழுங்கும்போது தட்டு விழும் சுரத்தைத் தொடாதீர்கள். பிடில் பதிவிலிருந்து கற்றால், விசிலின் கடைசித் துளைக்கும் கீழே இறங்கும் சுரங்கள் வரும். அவற்றை ஒரு ஸ்தாயி ஏற்றி வாசியுங்கள்.

மெட்டின் பெயர் தெரியாவிட்டால் ‘டியூன்பால்’ ஆப்பில் சில விநாடி வாசித்துக் காட்டுங்கள், பொருந்தும் பெயர்களைத் தரும். ஒரே மெட்டுக்குப் பல பெயரும், ஒரே பெயரில் பல மெட்டும் இருப்பதால், அதோடு வரும் நோட்டை (எழுதிய சுரக்குறிப்பை) உங்கள் பதிவோடு ஒப்பிடாமல் ஏற்காதீர்கள். நோட்டும் பதிவும் முரண்பட்டால் பதிவின் பக்கம் நில்லுங்கள்.

குன்னூர், ஊட்டி, கொடைக்கானல் காலைக் குளிரில் விசில் பதிவோடு சேராமல் கீழே நிற்கும். மலையின் உயரம் இதற்குக் காரணமில்லை, குளிர்தான். குழலுக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி குளிர்ந்தால் சுருதி அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இறங்கும். ஐந்து நிமிடம் ஸ்வெட்டருக்குள் வைத்திருந்து, துளைகளை மூடி மெல்ல ஊதிச் சூடாக்குங்கள். அப்படியும் இறங்கியிருந்தால், நகரும் தலை உள்ள விசிலில் தலையைக் கொஞ்சம் உள்ளே தள்ளலாம். நடுவில் ஒலி கரகரத்துச் செத்தால் ஊதுவழியில் மூச்சு நீராகி அடைத்திருக்கிறது. தலையிலுள்ள சதுரத் திறப்பை விரலால் மூடி ஒரு பலமான ஊது. அடிக்கடி அடைத்தால், பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டைத் தண்ணீரில் கலந்து ஊதுவழிக்குள் விட்டு உலரவிடுங்கள். நீர் துளியாகத் தேங்காமல் வழிந்துவிடும். தகர விசிலானால் வாசித்து முடித்ததும் ஒரு குச்சியில் துணி சுற்றி உள்ளே துடைத்து வையுங்கள். மழைக்கால ஈரத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும்.