இருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வை எப்போது கையாள வேண்டும்?

மாறுபாட்டுப் பகுப்பாய்வைச் சுருக்கமாக அனோவா (ANOVA) என்பார்கள்; குழுக்களின் சராசரிகள் வேறுபடுகின்றனவா என்று அது சோதிக்கிறது. ஒரு காரணியை மட்டும் பார்க்கும் ஒருவழி அனோவாவைக் கற்று முடித்தவர்கள் அடுத்ததாகத் தடுமாறும் இடம், இரண்டு காரணிகளைச் சேர்த்துப் பார்க்கும் இருவழி அனோவாதான். கணக்கிடும் வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஆனால் நம் தரவுக்கு இந்த முறை பொருந்துமா என்பதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். அந்த முடிவுக்கு வரும் வழியை ஓர் எடுத்துக்காட்டுடன் பார்ப்போம்.

படி 1: மாறிகளின் வகையைப் பாருங்கள்

அளந்து பெறும் மாறி ஒன்றே ஒன்றாகவும், உயரம், எடை, நேரம் போன்ற எண் அளவாகவும் இருக்க வேண்டும். அதன் மீது தாக்கம் செலுத்தக்கூடிய காரணிகள் இரண்டாகவும், இரண்டுமே குழுக்களாகப் பிரிந்தவையாகவும் இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் செடியின் உயரம் அளவிடப்படுகிறது; வெளிச்சம் (குறைவு, மிகுதி) ஒரு காரணி, உரம் (இல்லை, அ, ஆ) மற்றொரு காரணி. விளைவு ‘ஆம், இல்லை’ என்ற வடிவில் இருந்தால் லாஜிஸ்டிக் ரெக்ரஷன் பக்கம் செல்லுங்கள். வயது போன்ற தொடர் எண்ணை ‘இளையோர், முதியோர்’ என்று வெட்டி அனோவாவுக்குள் திணிப்பதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் அப்படி வெட்டும்போது தரவில் இருந்த தகவலின் ஒரு பகுதி வீணாகிவிடுகிறது.

படி 2: உங்கள் கேள்வியில் இடைவினை இருக்கிறதா?

இந்த முறையின் உயிர்நாடி இதுவே என்பதால் இங்கே சற்று நின்று போவோம். கற்பனையாகச் சில சராசரிகளை எடுத்துக்கொள்வோம். குறைந்த வெளிச்சத்தில் உரமில்லாத செடிகள் 20 செ.மீ., உரம் அ இட்டவை 21 செ.மீ., உரம் ஆ இட்டவை 22 செ.மீ. வளர்ந்தன, மிகுந்த வெளிச்சத்தில் அதே வரிசையில் 22, 30, 24 செ.மீ. வளர்ந்தன. உரம் அ குறைந்த வெளிச்சத்தில் 1 செ.மீ. மட்டுமே கூட்டியது, மிகுந்த வெளிச்சத்திலோ 8 செ.மீ. கூட்டியது. இரண்டையும் சேர்த்து ‘சராசரியாக 4.5 செ.மீ. கூடியது’ என்று எழுதினால், அந்த எண் எந்த வெளிச்சத்தில் வளர்ந்த செடிக்கும் பொருந்தாது. ஒரு காரணியின் விளைவு மற்றதன் நிலைக்கேற்ப இவ்வாறு மாறுவதையே இடைவினை என்கிறோம். இரண்டு தனித்தனி ஒருவழி அனோவாக்களால் இதைச் சோதிக்க முடியாது. அதோடு, விட்டுவிட்ட காரணியால் வரும் மாறுபாடு முழுவதும் பிழைக் கணக்கில் (காரணிகளால் விளக்கப்படாத மாறுபாட்டில்) சேர்ந்து, உண்மையான வேறுபாட்டையும் மறைத்துவிடக்கூடும்.

இந்தக் கேள்வி அனோவாவின் பிறப்போடு வந்தது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷரும் வினிஃப்ரெட் மெக்கென்சியும் 1923இல் வெளியிட்ட கட்டுரை, உருளைக்கிழங்கு வகைகள் உரத்துக்கு வெவ்வேறு விதமாகப் பலன் தருகின்றனவா என்பதையே ஆராய்ந்தது.

படி 3: ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை அளவீடுகள்?

2 வெளிச்சமும் 3 உரமும் சேர்ந்தால் 6 கட்டங்கள், அதாவது 6 சேர்க்கைகள். கட்டத்துக்கு 5 செடிகள் என்றால் மொத்தம் 30 அளவீடுகள். கட்டின்மை எண்கள் (degrees of freedom, தடையின்றி மாறக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை) வெளிச்சத்துக்கு 1, உரத்துக்கு 2, இடைவினைக்கு 2, பிழைக்கு 24 என்று பிரிந்து, மொத்தம் 29 ஆகும். கட்டத்துக்கு ஒரே ஒரு செடிதான் என்றால் பிழைக்கு மிஞ்சுவது 0. அப்போது இடைவினையையும் பிழையையும் பிரித்தறிய வழியே இல்லை. கட்டங்களில் எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால், வர்க்கக் கூடுதலை (sum of squares, மாறுபாட்டின் அளவு) கணக்கிடும் வகைக்கேற்ப விடை மாறும் என்பதால், மென்பொருள் எந்த வகையைப் பயன்படுத்துகிறது என்று பார்த்துக் குறித்துவையுங்கள்.

படி 4: அடிப்படைக் கட்டுப்பாடுகள்

அளவீடுகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். ஒரே செடியை வாரந்தோறும் அளந்தால் இந்தக் கட்டுப்பாடு உடைந்துவிடும். அதற்கு மறு அளவீட்டு அனோவாவோ கலப்பு மாதிரியோ தேவை. இயல்நிலைப் பரவல் (மணி வடிவப் பரவல்) இன்னொரு கட்டுப்பாடு. அதைச் சோதிக்கும்போது பலர் மூலத் தரவையே சோதிக்கிறார்கள், ஆனால் சோதிக்க வேண்டியது ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் அதன் கட்டச் சராசரியைக் கழித்த பின் நிற்கும் எச்சங்களை. கட்டங்களின் பரவல் ஏறத்தாழ சமமா என்பதை எச்ச வரைபடமோ லெவீன் சோதனையோ காட்டும்.

படி 5: முடிவைப் படிக்கும் வரிசை

முதலில் இடைவினை வரியைப் பாருங்கள். அது புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்கதாக இல்லையென்றால், வெளிச்சம், உரம் ஆகியவற்றின் முதன்மை விளைவுகளை (மற்ற காரணியின் நிலைகள் மீது சராசரியாக்கிய விளைவுகளை) தனித்தனியே விளக்கலாம். ஆனாலும் அளவீடுகள் குறைவாக இருக்கையில் இடைவினை இருந்தும் புலப்படாமல் போகலாம் என்பதால், சராசரிகளின் கோட்டு வரைபடத்தையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இடைவினை குறிப்பிடத்தக்கது என்றால், முதன்மை விளைவுகளை மட்டும் சொல்லி நிறுத்தாமல், குறைந்த வெளிச்சத்துக்குள் மூன்று உர நிலைகளையும், மிகுந்த வெளிச்சத்துக்குள் மீண்டும் அவற்றையும், பல ஒப்பீடுகளைச் செய்வதால் தற்செயலாக வரும் தவறான முடிவுகளைக் கட்டுப்படுத்தும் டுகி அல்லது போன்ஃபெரோனி திருத்தத்துடன் ஒப்பிட்டு எழுதுங்கள்.