விடுப்பு உரிமை கைநழுவும் இடங்கள்

விடுப்பு கேட்பவர்கள் செய்யும் முதல் தவறு, வாய்மொழி அனுமதியை நம்பிவிடுவது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று காலையில் தொலைபேசியில் சொன்னதும் மேலாளர் "சரி, பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். மாத இறுதியில் பார்த்தால் வருகைப் பதிவேட்டில் அது தகவலின்றி வராத நாளாக நிற்கிறது, சம்பளமும் பிடிக்கப்பட்டிருக்கிறது. எந்த வகை விடுப்பு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அன்றைக்கே இரண்டு வரி எழுதி அனுப்பி, வந்த பதிலையும் பத்திரப்படுத்தியிருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது.

வகையைக் குறிப்பிடுவது வெறும் சம்பிரதாயமன்று. சான்றிதழுக்கு அலைய வேண்டுமே என்ற சலிப்பில், நோயுற்ற நாள்களை ஆண்டு விடுப்பில் கழித்துக்கொள்ளுமாறு ஊழியரே எழுதிக் கொடுப்பதுண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 132ஆம் உடன்படிக்கை (1970), ஆண்டுக்குக் குறைந்தது 3 வாரம் சம்பளத்துடன் விடுமுறை வழங்கச் சொல்வதோடு, நோயால் வேலை செய்ய இயலாத நாள்களை, அந்தந்த நாடு வகுக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அந்தக் கணக்கில் சேர்க்காமல் விடவும் இடமளிக்கிறது. இத்தகைய உடன்படிக்கைகள் ஏற்புறுதி அளித்த நாடுகளையே கட்டுப்படுத்தும் என்பதால், உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பணி நியமன ஆணையையும் சேர்த்தே படிக்க வேண்டும். குணமான பிறகு முன்தேதியிட்ட சான்றிதழ் வாங்குவதோ இன்னும் மோசம். உண்மையான நோயும் பொய்யாகிவிடும்.

எல்லாவற்றிலும் எனக்கு வருத்தம் தருவது, கருவுற்ற பெண்கள் மறைமுக நெருக்கடிக்கு அஞ்சித் தாமே ராஜினாமா கொடுத்துவிடுவதுதான். 183ஆம் உடன்படிக்கை (2000) குறைந்தது 14 வார மகப்பேறு விடுப்பை வரையறுத்து, அக்காலத்தில் மகப்பேற்றைக் காரணமாக்கி வேலையைவிட்டு நீக்குவதையும் தடுக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு பணிநீக்கத்திற்கு எதிரானது. "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று கையெழுத்திட்டவருக்கு அதைக் கோருவது மிகக் கடினம். ராஜினாமாக் கடிதம் கேட்டால், கேட்டவரையே அதை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

கல்வி விடுப்புக்கெனவும் 1974ஆம் ஆண்டிலேயே 140ஆம் உடன்படிக்கை வந்துவிட்டது. இருந்தும் பலர் கட்டணம் செலுத்திவிட்டுத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில்தான் விண்ணப்பிக்கிறார்கள். அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் ஒப்பந்தப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது அடுத்த தவறு: படிப்பு முடிந்து எத்தனை ஆண்டு அங்கேயே பணியாற்ற வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிச் செலுத்த வேண்டும் என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.