ரேண்டம் எண்ணும் அழியாத சுவரும்: கர்னல் கோடில் மெமரியைப் பார்ப்பது எப்படி?

ஓசூரில் நான்கு வாடகை வீடு மாறியவன் நான். ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைச் சுவரில் முந்தைய குடித்தனக்காரர் பென்சிலால் எழுதிய பால் கணக்கு இருக்கும். மெமரியும் அப்படித்தான்: ஆள் காலி செய்தாலும் எழுதியது அப்படியே கிடக்கும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ரேண்டம் எண் தரும் இடத்தில் எழுதப்படுவது பால் கணக்கு இல்லை. என்கிரிப்ஷன் சாவிக்கு மூலமான எண்கள்.

தர்மபுரியில் சனிக்கிழமைதோறும் என்னோடு உட்காரும் இரண்டு பாலிடெக்னிக் தம்பிகளுக்குச் அந்த இடத்தைக் கர்னல் எங்கே எடுக்கிறது, எப்படி அழிக்கிறது என்று சொன்ன வரிசையிலேயே இங்கும் சொல்கிறேன். கொஞ்சம் சி மொழி தெரிந்தால் போதும்.

முதலில், கர்னல் சோர்ஸை இறக்குங்கள். 6-ஆம் வரிசைப் பதிப்பு எதுவானாலும் சரி. டிரைவர்ஸ் ஃபோல்டர், அதற்குள் 'சார்' என்ற ஃபோல்டர், அதற்குள் ரேண்டம் என்ற சி கோப்பு. முழுவதும் படிக்க உட்காராதீர்கள், தலை சுற்றும். 'கெட் ரேண்டம் பைட்ஸ் யூசர்' என்ற ஃபங்ஷனை மட்டும் தேடுங்கள். 2014-இல் 3.17 பதிப்பில் வந்த கெட்ரேண்டம் சிஸ்டம் கால் (புரோகிராம் கர்னலிடம் ரேண்டம் எண் கேட்கும் வழி) கடைசியில் இங்கேதான் வந்து சேரும்.

அடுத்து, இடம் எங்கே எடுக்கிறார்கள் என்று பாருங்கள். தொடக்கத்திலேயே 'பிளாக்' என்று 64 பைட் அரே ஒன்று ஸ்டாக்கில், அதாவது ஃபங்ஷனின் சொந்தத் தற்காலிக இடத்தில், இருக்கும். ரேண்டம் எண்களை உருவாக்கும் சாசா20 என்ற என்கிரிப்ஷன் முறை ஒரு தடவைக்குத் தருவதும் 64 பைட்தான். நீங்கள் 10 எம்பி கேட்டாலும் அதே சின்னக் கிண்ணத்தில் மொண்டு மொண்டு உங்கள் பஃபரில் ஊற்றும். கேமேலாக் (கர்னலுக்குள் தனியாக மெமரி கேட்டு வாங்குவது) கிடையாது, அதனால் மெமரி கிடைக்காமல் போகும் வழியும் இங்கே கிடையாது. ஓபன்பிஎஸ்டி என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இதே வேலைக்கு மேலாக் செய்கிறார்கள், அந்த இடத்தைத் திருப்பித் தரும் முன் அழித்துவிடுகிறார்கள். அதுவும் சரியான முறைதான்.

இப்போது அழிக்கும் இடம். இதில்தான் நான் ஒருமுறை ஏமாந்தேன். என் சின்ன புரோகிராமில் சாவி இருந்த அரேயை மெம்செட்டால் பூஜ்யமாக்கிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஓ2 (கோடைச் சுருக்கி வேகமாக்கச் சொல்லும் ஆப்ஷன்; ஓ0 என்றால் அது இல்லை) போட்டுக் கம்பைல் செய்து, மெஷின் கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் பார்த்தால், அழிக்கும் கட்டளையே காணோம். அதற்குப் பிறகு அரேயை யாரும் படிப்பதில்லை, ஆகவே எழுதுவது வீண் என்று கம்பைலரே வெட்டிவிட்டது. வெள்ளையடிக்கச் சொன்ன மேஸ்திரி, 'வீடு காலிதானே' என்று கிளம்பிப் போன கதை. அதனால்தான் கர்னலில் 'மெம்ஸீரோ எக்ஸ்ப்ளிசிட்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைக் கம்பைலர் தொடாது. உங்கள் புரோகிராமுக்கு 'எக்ஸ்ப்ளிசிட் பீஸீரோ' இருக்கிறது. ஹீப்பில், அதாவது கேமேலாக்கால் கேட்டு வாங்கிய இடமென்றால் கர்னலில் இடத்தைத் திருப்பித் தரும் வெறும் கேஃப்ரீ போதாது, அழித்துவிட்டுத் தரும் 'கேஃப்ரீ சென்சிடிவ்' வேண்டும். நீங்களும் ஓ0, ஓ2 இரண்டிலும் கம்பைல் செய்து பாருங்கள்; கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

கடைசியாக, ஃபங்ஷனை விட்டு வெளியேறும் ஒவ்வொரு வழியையும் விரலால் தொடருங்கள். போன வாரம் தம்பிகளில் ஒருவன் பிடித்துக்கொண்டான்: "அண்ணா, 32 பைட்டுக்குள் கேட்டால் கோடு நடுவிலேயே கோட்டூ போட்டுத் தாண்டிவிடுகிறதே, பிளாக்கை அழிக்கவே இல்லையே?" நல்ல கேள்வி. அந்த வழியில் பிளாக்கில் எதுவும் எழுதப்படவில்லை. எண்கள் சாசா ஸ்டேட்டிலிருந்தே (சாசா20 தன் சாவியை வைத்திருக்கும் இடம்) நேராகப் போகின்றன. அந்த ஸ்டேட் அழிக்கப்படுகிறதா என்று தெரிய, கோட்டூ போய் நிற்கும் லேபிளுக்கு அடுத்த வரியைப் படியுங்கள்.