சுரைக்குச் சாயங்காலம் மருந்து அடிக்காதீர்கள்

கொள்ளிடக் கரைப் படுகையில் இப்போது புதிதாகக் காய்கறிப் பந்தல் போடுகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் நெல்லும் உளுந்தும் பார்த்து வளர்ந்தவர்கள். நெல் தன் மகரந்தத்திலேயே கருவுறும். உளுந்துக்குப் பெரும்பாலும் மொட்டுக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். அதனால் பூச்சி என்றாலே மருந்தடிக்கக் கை பழகிவிட்டது. கொடிக் காய்களில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. நடுவில் பூச்சி வந்து போனால்தான் காய்.

புதியவர்கள் செய்யும் தவறுகளில் விதை ஆழம், தண்ணீர் தேங்குவதெல்லாம் யாரும் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன். பூவையும் பூச்சியையும் பற்றிய தவறுகளை மட்டும் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே நேரம்

‘காலையில் தேனீ வரும், சாயங்காலம் அடி’ என்பார்கள். பரங்கிக்கு அது சரி. பரங்கிப்பூ விடியும்போது விரிந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். சுரை நேர்மாறு. அந்த வெள்ளைப் பூ பொழுது சாயும்போதுதான் விரியும். இருட்டில் அதைத் தேடி அந்துப்பூச்சிகள் வரும். பூச்சி நடமாடும் நேரத்தில் விரிந்த பூதான் காய்த்து விதை விட்டது, நேரம் தப்பியது சந்ததியில்லாமல் போனது. எத்தனையோ தலைமுறையாக இப்படி நடந்துதான் ஒவ்வொரு கொடிக்கும் ஒரு நேரம் அமைந்தது.

போன கோடையில் பக்கத்துப் படுகைத் தம்பி ஒருவர் வாராவாரம் சுரைப் பந்தலுக்குச் சாயங்காலம் மருந்து அடித்தார். பெண் பூவுக்கு அடியில் விரல் நீளத்துக்கு ரோமம் படர்ந்த பிஞ்சு. நுனியில் மஞ்சள் தட்டி, சுருங்கி, தொட்டால் கையோடு வந்தது. சத்துக் குறைவு என்று கடையில் டானிக் கொடுத்தார்கள். அதையும் சாயங்காலமே அடித்தார்! நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. காசும் போய், காய்ப்பும் போய், பாவம் அந்தப் பூச்சிகளும் போயின.

“ராத்திரி டார்ச்சோடு வந்து பாரு தம்பி, எத்தனை பூச்சி வருதுன்னு” என்றேன்.

மறுநாள் வந்து, “ஒண்ணுகூட இல்லண்ணே” என்றார்.

மருந்தை நிறுத்தச் சொன்னேன். பொழுது சாய்ந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்து, அடையாளத்துக்குக் காம்பில் நூல் கட்டினோம். நூல் கட்டிய பிஞ்சுகள்தான் அந்த வாரம் நின்றன.

கையால் மகரந்தம் சேர்க்க எல்லாக் கொடிக்கும் காலையில் போவது

பரங்கிக்கும் பாகலுக்கும் காலை. சுரைக்கும் பீர்க்குக்கும் சாயங்காலம். புடலைக்கு இருட்டிய பிறகு.

பந்தலில் இரவெல்லாம் எல்இடி விளக்கு

வேண்டாம். அந்துப்பூச்சி விளக்கைத்தான் சுற்றும்.

பரங்கியும் சுரையும் ஒரே பந்தலில்

காலையிலும் அடிக்க முடியாது, மாலையிலும் முடியாது. உச்சி வெயிலில் வேப்பெண்ணெய் அடித்தால் இலை கருகும். சரி, என்னதான் செய்வது? பூக்கும் காலம் முழுக்கத் தெளிப்பையே நிறுத்துங்கள். சிவப்பு வண்டு விடியற்காலையில் மந்தமாக இருக்கும், கையால் பொறுக்கிவிடலாம். பழ ஈக்கு க்யூலூர் பொறி (ஆண் ஈக்களை வாசனையால் இழுத்துப் பிடிப்பது) கட்டுங்கள்.