வெளிநாட்டில் மருத்துவம் முடித்து வந்தவர்களுக்கு: டியூஷன் வைத்து எஃப்.எம்.ஜி.இ. தேர்வுக்குத் தயாராவது எப்படி

கிர்கிஸ்தானில் மருத்துவம் படித்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பி வந்தபோது தேர்வு ஒரு தடவையில் முடிந்துவிடும் என்று நம்பினேன். முதல் தடவை 300-க்கு 128 வாங்கினேன். அடுத்த தடவை 143. இரண்டுமே தோல்வி. மூன்றாவது தடவை 181. மூன்று தடவையும் படித்தது அதே புத்தகங்கள்தான், அதே வீடியோக்கள்தான். டியூஷனை நான் பயன்படுத்திய விதம் மட்டும் மாறியது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறேன். அவர்களிடம் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். இப்போதுதான் ஊர் திரும்பியிருப்பவர்கள் இதையே அப்படியே தொடங்கலாம்.

முதல் படி: தேர்வு எப்படி இருக்கும்?

வெளிநாட்டில் படித்த இந்தியர்கள் இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய எஃப்.எம்.ஜி.இ. என்ற இந்த வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் தேர்வில் தேற வேண்டும். 2002 முதல் நடக்கிறது. நடத்துவது என்.பி.இ.எம்.எஸ். எனப்படும் தேசியத் தேர்வு வாரியம். வருடத்துக்கு இரண்டு தடவை, பெரும்பாலும் ஜூன், டிசம்பரை ஒட்டி வரும். மொத்தம் 300 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள். ஒரே நாளில் இரண்டு பகுதிகளாக எழுத வேண்டும். பகுதிக்கு 150 கேள்விகள், 150 நிமிடம். 150 எடுத்தால் தேர்ச்சி. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

அந்தக் கடைசி வரியை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தவை 110 என்று வையுங்கள். மிச்சம் 190. நாலில் ஒன்று தற்செயலாகச் சரியாகும் என்றால் சுமார் 47 வரும். மொத்தம் 157. ஆகவே ஒரு கேள்வியைக்கூட விடாமல் குறித்துவிட்டு வர வேண்டும். அதிர்ஷ்டத்தை நம்பிப் படிப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. 110 உறுதியாகத் தெரிவதே லேசான வேலை இல்லை. இந்தத் தேர்வு நடந்த பல தடவைகளில், எழுதியவர்களில் கால்வாசிப் பேர்கூடத் தேறியதில்லை.

இரண்டாம் படி: காகிதங்களை முதலில் பாருங்கள்

இதைப் படிப்புக்கு முன்னால் வைத்திருக்கிறேன், காரணம் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இனிஷியல் ஒரு பெரிய தலைவலி. பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பட்டத்தில் மூன்றாவதாக ஒரு மாதிரி அடித்துக் கொடுத்திருக்கும். இதைச் சரிசெய்யவே எனக்கு ஒன்றரை மாதம் போனது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

2018 மே முதல் வெளிநாட்டில் படிக்கப் போனவர்களுக்கு நீட் தகுதி தேவை. 2021 நவம்பர் 18-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு என்.எம்.சி. எனப்படும் தேசிய மருத்துவ ஆணையத்தின் புதிய விதிகள் பொருந்தும்: குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாத இன்டர்ன்ஷிப், ஆங்கிலவழிக் கல்வி. பட்டத்துக்கு இந்தியத் தூதரகச் சான்றோ, அப்போஸ்டில் என்ற பன்னாட்டு அத்தாட்சி முத்திரையோ வேண்டும்.

மூன்றாம் படி: எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண்?

மெடிசின் 33, சர்ஜரி 32, மகப்பேறு 30, கம்யூனிட்டி மெடிசின் 30. இந்த நாலிலேயே 125. இதோடு பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி, ஃபார்மகாலஜி மூன்றும் 13 வீதம் 39 சேர்த்தால் 164. தேர்ச்சிக்கு வேண்டியதை விட அதிகம் இந்த ஏழு பாடங்களுக்குள்ளேயே இருக்கிறது. அனாடமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி 17 வீதம் 51. குழந்தை நலம், கண், காது-மூக்கு-தொண்டை 15 வீதம் 45. ஃபாரன்சிக் 10. மனநலம், தோல், மயக்கவியல், எலும்பு, ரேடியாலஜி, கதிர்வீச்சு சிகிச்சை ஆகிய ஆறும் 5 வீதம் 30.

முதல் தடவை நான் அனாடமியிலேயே இரண்டு மாதம் செலவழித்தேன். புத்தகத்தில் முதலில் இருந்தது அதுதான், வேறு காரணம் இல்லை.

நான்காம் படி: டியூஷன் யாரிடம்?

சென்னைக்கோ டெல்லிக்கோ போய் அறை எடுத்துத் தங்கினால்தான் தேற முடியும் என்று பலர் சொல்வார்கள். நானும் முதல் தடவை அப்படிப் போனேன். பெரிய கூடம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பாடம். நல்ல பாடம்தான். ஆனால் ஐந்து மாதத்தில் ஒருவர்கூட என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. பாடம் கேட்பதற்கு இப்போது வீடியோ போதும், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். டியூஷன் வேறு எதற்கு வேண்டும் என்றால், நீங்கள் ஒரு விடையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எதிரே உட்கார்ந்து கேட்பதற்கு.

அப்படி ஒருவரை நம் பக்கத்திலேயே தேடலாம். சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஹவுஸ் சர்ஜன்சி என்ற கடைசி வருடப் பயிற்சியை முடித்துவிட்டு, மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்குப் படிப்பவர்கள் இருப்பார்கள். இதே தேர்வைச் சமீபத்தில் தேறிய அண்ணனோ அக்காவோ கிடைத்தால் இன்னும் நல்லது. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒருவரிடம் போனால் கட்டணமும் தாங்கும். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் போதும்.

முதல் வகுப்பைச் சோதனை வகுப்பாக வையுங்கள். இருபது கேள்விகள் போட்டுக்கொண்டு போங்கள். தப்பானதைப் பார்த்ததும் அவர் சரியான விடையை நேராகச் சொல்லிவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். "இதை ஏன் போட்டாய்?" என்று முதலில் கேட்டால் அவரிடமே தங்கிவிடுங்கள். தேர்ச்சிக்கு உத்தரவாதம் தருகிறேன் என்பவரிடமும், கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைக்கும் என்பவரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: தப்புக்கு ஒரு பேரேடு

என்னை மாற்றியது இந்தப் படிதான். எங்கள் ஐயா பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் கடைநிலையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த பொறுப்பான அடுத்தாளாக உயர்ந்தவர். ராத்திரி கடை சாத்தும்போது குறிப்பேடும் கையிருப்பும் ஒத்துப்போக வேண்டும், ஒரு சென்ட் இடித்தாலும் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்காமல் படுக்க விடமாட்டார்கள் என்று சொல்வார். மாதம் முடிந்தால் எல்லாக் கணக்கையும் தொகுத்து ஐந்தொகை எடுப்பார்கள். எனக்குப் பாடம் சொல்ல வந்த அண்ணன் என் மாதிரித் தேர்வுத் தாள்களைப் பார்த்துவிட்டு, "உனக்கு எங்கே இடிக்கிறது என்று உனக்கே தெரியவில்லையே" என்றார். அன்றைக்கே ஒரு நீள நோட்டு வாங்கினேன்.

தினம் 60 கேள்விகள் போடுங்கள். தப்பான ஒவ்வொன்றையும் இந்த நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, பாடம், நான் போட்ட விடை, ஏன் போட்டேன், சரியான விடைக்கான காரணம் ஒரே வாக்கியத்தில். கடைசியில் தப்பின் வகை. வகை நான்குதான்: தெரியவில்லை, குழம்பியது, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, சரியாகப் போட்டுவிட்டு மாற்றியது.

ஓர் உதாரணம். வயலில் மயங்கிக் கிடந்தவரைத் தூக்கி வருகிறார்கள். வாயில் நுரை, கண்மணி குண்டூசி முனை போல, நெஞ்சு முழுக்கக் களகளச் சத்தம். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து விஷம். அட்ரோபின் கொடுக்க வேண்டும், இதுவரை எல்லோருக்கும் தெரியும். போதும் என்று எதை வைத்து முடிவு செய்வது? நான் "கண்மணி விரிந்ததும்" என்று போட்டேன். அண்ணன் கேட்டார்: "இந்த ஆள் எதனால் சாவார்?" சுரப்பு நிறைந்து மூச்சு அடைத்துத்தான். "அப்படியானால் கண்ணை ஏன் பார்க்கிறாய்?" விடை: நெஞ்சில் சுரப்பு அடங்கி மூச்சு தெளிவாகும் வரை கொடுக்க வேண்டும். கண்மணியை மட்டும் நம்பக் கூடாது. பக்கத்திலேயே ஊமத்தை விஷத்தை எழுதச் சொன்னார்: வாய் வறண்டு, கண்மணி விரிந்து, உடம்பு சுட்டு, பிதற்றல். ஒன்றுக்கு ஒன்று தலைகீழ். விடையை மட்டும் சொல்லியிருந்தால் மறுவாரமே மறந்திருப்பேன். அந்தக் கேள்வி இன்றைக்கும் நினைவில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தொகை எடுங்கள். எந்த வகைத் தப்பு எத்தனை என்று எண்ணி டியூஷனுக்குக் கொண்டுபோங்கள். "தெரியவில்லை" அதிகம் என்றால் அந்தப் பாடத்தை அவர் சொல்லித்தர வேண்டும். "குழம்பியது" என்றால் இரண்டையும் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். சரியாகப் படிக்காதது என்றால் கேள்வியின் கடைசி வரியை முதலில் படித்துப் பழகுங்கள். 'தவிர' என்று கேட்டிருப்பதைக் கவனிக்காமல் போனதில் மட்டும் எனக்கு ஒரு தேர்வில் ஆறு கேள்விகள் போயின. மாற்றிக் கெடுத்தவை அதிகம் என்றால், தெளிவான காரணம் இல்லாமல் விடையைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: புதன்கிழமை சுகாதார நிலையம்

கம்யூனிட்டி மெடிசினில் 30 மதிப்பெண். வெளிநாட்டில் நமக்கு இந்தியாவின் தேசியத் திட்டங்களைச் சொல்லித்தர மாட்டார்கள். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். இதற்குப் புத்தகத்தை விட நல்ல வழி ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேட்டு ஒரு காலை முழுக்க ஓரமாக நின்று பாருங்கள்.

பிறந்தவுடன் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி), போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி. பிறகு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி). 9 மாதம் முடிந்ததும் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா). இதெல்லாம் பட்டியலாகப் படித்தால் கலங்கும். பி.சி.ஜி. இடது மேல்கையில் தோலுக்குள் போவதையும், பென்டாவேலன்ட் இடது தொடையில் போவதையும், எம்.ஆர். வலது மேல்கையில் போவதையும் கண்ணால் பார்த்தால் மறக்காது. மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கும் வட்டத்தையும் அதற்குள் உள்ள சதுரத்தையும் செவிலியரிடம் காட்டச் சொல்லுங்கள். சதுரம் வட்டத்தை விட வெளிறியிருந்தால் மருந்தைப் பயன்படுத்தலாம். இது தேர்வில் படமாகவே வரக்கூடியது.

காசநோய் சிகிச்சையையும் (இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து) தொழுநோயையும் (ஐந்து தேமல் வரை ஆறு மாதம், அதற்கு மேல் பன்னிரண்டு மாதம்) அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஏழாம் படி: ஆறு மாதத்தைப் பிரிப்பது

முதல் மூன்றரை மாதம் பாடங்கள், மேலே சொன்ன ஏழிலிருந்து தொடங்கி. அடுத்த ஒன்றரை மாதம் திருப்புதல், பேரேட்டையும் சேர்த்து. கடைசி மாதம் வாரத்துக்கு ஒரு முழு மாதிரித் தேர்வு: காலை 150, மதியம் 150. தேர்வு கணினியில்தான் நடக்கும். ஆகவே போனில் போடாமல் கணினியில் உட்கார்ந்து போடுங்கள். பெரிய வீடு என்றால் எல்லோரும் புழங்கும் பட்டாலையில் படிக்காதீர்கள், போவோர் வருவோர் எல்லோரும் "எப்போ பாஸ் பண்ணப் போறே" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். மாடியில் ஒரு அறை போதும்.

டிசம்பர் தேர்வு எழுதுபவர்களுக்கு ஒன்று: நகரத்தார் வீடுகளில் கொண்டாடும் பிள்ளையார் நோன்பு அந்த நாட்களை ஒட்டித்தான் வரும். வீட்டில் எல்லோரும் கூடுவார்கள். போய் நோன்புப் பிரசாதமான இழையை எடுத்துக்கொண்டு, பெரியவர்களிடம் விபூதி பூசிக்கொண்டு, மாடிக்குத் திரும்பிவிடுங்கள். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் அப்பத்தாவே என்னை எழுப்பி அனுப்பினார்.

எட்டாம் படி: தேர்வு நாளும் அதற்குப் பிறகும்

மையம் எந்த ஊரில் விழுந்தாலும் முந்தின நாளே போய்த் தங்குங்கள். தெரிந்ததைப் போட்டுக்கொண்டே போங்கள், ஒரு கேள்வியில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். இரண்டு பகுதிக்கும் நடுவில் நண்பர்களோடு விடைகளை ஒப்பிடாதீர்கள்.

தேறியதும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு, பிறகு 12 மாத சி.ஆர்.எம்.ஐ. (மருத்துவமனையில் கட்டாயச் சுழற்சிப் பயிற்சி), அது முடிந்ததும் நிரந்தரப் பதிவு. பாஸ்போர்ட், பட்டம், தேர்ச்சிச் சான்று மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு விண்ணப்பத்தை அனுப்புங்கள்.