மருந்து அடித்தும் பூச்சி சாகவில்லையா? லேபிளைப் பாருங்கள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் மிளகாய், கத்தரி வைத்திருப்பவர்களுக்கும், சமூகத் தோட்டத்தில் கைலான், சாய் சிம் போன்ற கீரைகள் போடுபவர்களுக்கும் இந்தக் குறிப்பு.

பழைய மருந்துக்குப் பூச்சி சாகவில்லை என்றால் உடனே அளவைக் கூட்டாதீர்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது, அதைத் தாங்கும் பூச்சிகள் மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. சிங்கப்பூரில் குளிர்காலமே கிடையாது, அதனால் இந்தப் பெருக்கம் வருடம் முழுக்க நடக்கும். முட்டைக்கோஸ், கைலான் இலைகளைத் துளைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி நம் வெப்பத்தில் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு தலைமுறையை முடித்துவிடும். 1950களிலேயே பக்கத்து ஜாவாவில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி அதற்குப் பலிக்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? பிராண்டை மாற்றினால் மட்டும் போதாது. பூச்சியைத் தாக்கும் விதத்தை வைத்து மருந்துகளைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று மூலமருந்தின் (பூச்சியைக் கொல்லும் பொருளின்) பெயர்கள் வேறாக இருக்கும், ஆனால் இரண்டும் 3ஏ பிரிவுதான், பூச்சியைத் தாக்கும் விதமும் ஒன்றே. லேபிளில் பிரிவு எண் இல்லையென்றால் மூலமருந்தின் பெயரை வைத்துத் தேடிப் பாருங்கள். ஒரு தலைமுறைக்கு ஒரு பிரிவு, அடுத்த தலைமுறைக்கு வேறு எண். இதுதான் முக்கியம்.

அசுவினி, வெள்ளை ஈ மட்டும்தான் என்றால் ரசாயனம் வரை போகவே வேண்டாம் என்பேன். பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசல் போதும். அது மேலே பட்டால்தான் கொல்லும், அதனால் இலையின் அடிப்பக்கம் நன்றாக நனைய வேண்டும். வெயில் ஏறுமுன் அடியுங்கள்.